அடைவில் இரண்டு சௌந்தரராஜன்கள்: ஔகாரக் குறியீட்டைச் சீர்செய்த பதிவு

எங்கள் ஊர் இலக்கிய மன்றத்தின் ஆண்டுமலர்களுக்குப் பெயரடைவும் சொல்தேடலும் அமைக்கும் வேலை ஒருவழியாக முடிவுக்கு வந்துவிட்டது. ‘சௌ’ என்று தட்டினால் சௌந்தரராஜன், சௌராஷ்டிரம், சௌபாக்கியம் ஆகிய அனைத்தும் இப்போது வந்து நிற்கின்றன. இதற்கு முன் அவற்றில் ஒரு பகுதிதான் அகப்பட்டது. இதே வகைக் கோப்புகளோடு மல்லுக்கட்டுவோர் பலர் இருக்கக்கூடும் என்பதால், வேலை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

சிக்கல் முதலில் தென்பட்டது அடைவின் முதல் அச்சுப்படியில்தான். சௌந்தரராஜன் என்ற பெயர் அதில் இரண்டு இடங்களில் இருந்தது. ஓரிடம் சகர வரிசையின் இறுதியில், சோமசுந்தரத்துக்குப் பிறகு. அது அவருக்கு உரிய இடம். மற்றோரிடம் செழியனுக்கும் சென்னியப்பனுக்கும் நடுவில். தாளில் இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலும் மயிரிழை வேறுபாடு தெரியவில்லை. வரிசைப்படுத்தும் நிரலில்தான் பிழை என்று கருதி, தமிழ் அகரவரிசை விதிகளைத் தரும் ஐசியு என்னும் நிரல் நூலகத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிப் பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை. நிரல் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. அதற்குக் கொடுத்த இரண்டு பெயர்களும் வெவ்வேறாக இருந்தன.

பைத்தான் நிரல்மொழியில் ஒவ்வொரு எழுத்தின் யூனிகோட் எண்ணையும் பதின்ம முறையில் அச்சிட்டபோது குட்டு வெளிப்பட்டது. முதல் பெயர் 2970, 3020 என்று தொடங்கியது: சகரம், அதன் பின் ஔகாரக் குறி. இரண்டாவது 2970, 3014, 2995 என்று தொடங்கியது: சகரம், ஒற்றைக்கொம்பு, அதன் பின் முழு ளகரம். அதாவது, கணினியைப் பொறுத்தவரை இரண்டாமவரின் பெயர் ‘செ’ என்ற எழுத்தில் தொடங்கி ‘ள’ என்ற எழுத்துக்குப் போகிறது. செழியனுக்கு அடுத்து அவரை உட்கார வைத்ததில் என்ன தவறு?

இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஐயத்துக்குரிய எழுத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் விசையைத் தட்டினால் போதும். சரியான ‘சௌ’ என்றால் பெரும்பாலான செயலிகளில் இரு பக்கக் குறிகளும் ஒன்றாக மறைந்து ‘ச’ மட்டும் எஞ்சும். தவறானது என்றால் வலப்பக்கம் மட்டும் போய் ‘செ’ எஞ்சும். லிப்ரே ஆபிஸில் ஆல்ட் விசையோடு எக்ஸ் விசையைச் சேர்த்து அழுத்தினால், சுட்டிக்கு இடப்புறம் உள்ள எழுத்து அதன் யூனிகோட் எண்ணாகவே, ஆனால் பதினாறடிமான முறையில், மாறிக் காட்சி தரும். மறுபடி அழுத்தினால் எழுத்து திரும்பிவிடும். கோப்பின் அளவிலும் வேறுபாடு உண்டு. யூனிகோட் எண்களைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். எனவே சரியான ‘கௌரவம்’ 18 பைட், தவறானது 21 பைட்.

இந்த ளகரம் எங்கிருந்து வந்தது என்பதைத் தேடப் பழைய கோப்புகளைத் திறக்க வேண்டியிருந்தது. மன்றத்தின் 1990களின் இறுதிக்கால மலர்கள் திஸ்கி குறிமுறையில் தட்டச்சானவை. அது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமிக்கும் எட்டு பிட் முறை. கொம்பு முதலில், மெய் அடுத்து, கால் அதற்கடுத்து. அதில் ஒற்றைக்கொம்புக்கு 166, ககரத்துக்கு 184, ஔகாரத்தின் வலப்பக்கக் குறியான கொம்புக்காலுக்கு 170, ளகரத்துக்கு 199. ஆக ‘கௌ’ என்பது 166, 184, 170 என்று இருக்க வேண்டும். எங்கள் கோப்புகளில் பெரும்பாலும் 166, 184, 199 என்றே இருந்தது. காரணம் எளிமையானது. தட்டச்சுப்பொறியில் கொம்புக்காலுக்கு என்று தனி விசை கிடையாது. ளகர விசையைத்தான் அதற்கும் தட்டுவார்கள். அந்தக் கை கணினிக்கு வந்தபோது பழக்கமும் கூடவே வந்தது. திரையில் எழுத்து சரியாகத் தெரிந்ததால் யாரும் குறை சொல்லவும் வாய்ப்பில்லை. ஆங்கில எழுத்துகளைக் கொண்டு ஒலிபெயர்ப்பு முறையில் தட்டியவர்களின் கோப்புகளில் இந்தப் பிழை மிக அரிதாகவே இருந்தது.

மூலத்திலேயே பிழை இருந்ததால், திஸ்கியிலிருந்து மறுபடி யூனிகோடுக்கு மாற்றினால் தீர்ந்துவிடும் என்ற வழி அடைபட்டது. குறிமுறை மாற்றி என்னும் செயலி அதைத் திருத்தாது. ளகரத்தை ளகரமாக எடுத்து வைப்பதுதான் அதன் கடமை.

அடுத்து யூனிகோடின் இயல்பாக்கத்தை முயன்றேன். ஔகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 3020 என்ற ஒற்றை எண்ணாக எழுதலாம். அல்லது ஒற்றைக்கொம்பு 3014, கொம்புக்கால் 3031 என இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று நிகர் என்று தரமே சொல்கிறது. ‘ஔ’ என்ற உயிரெழுத்தும் அப்படித்தான்: 2964 என்றாலும், 2962க்குப் பின் 3031 என்றாலும் ஒன்றே. என்எஃப்சி என்னும் இயல்பாக்கம் இந்த இரட்டை வடிவங்களை ஒற்றை வடிவமாகச் சுருக்கிவிடும். பைத்தானில் அதற்கு ஒரு வரி போதும். ஓட்டியதும் ஏதோ ஒரு மாற்றியின் வழியே வந்த சில கோப்புகளில் இருந்த 3014, 3031 இணைகள் எல்லாம் 3020 ஆகிவிட்டன. ஆனால் 3014, 2995 இணைகளில் ஒன்றுகூட அசையவில்லை. அசையவும் கூடாது, ளகரம் தனி எழுத்து, அதை விழுங்க எந்த இயல்பாக்கத்துக்கும் உரிமை இல்லை. சிக்கலின் சிறு துண்டு ஒன்றுதான் இதனால் தீர்ந்தது.

இயல்பாக்கத்தை இந்தக் கட்டத்தில் ஓட்டியதால் வேறொரு தொல்லையும் முளைத்தது. தட்டச்சுப் பழக்கத்தின் இன்னொரு எச்சம் ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலைத் தட்டுவது. ‘ரி’, ‘ரீ’, ‘ர்’ ஆகியவற்றில் ரகரத்தின் கீழ்க்கோடு பழைய அச்சில் இருப்பதில்லை; ஆகவே கால், அதன் மேல் விசிறி அல்லது புள்ளி என்று தட்டிவிடுவார்கள். ‘பெரிய’ என்ற சொல்லை இவ்வாறு அடிக்கும்போது பகரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால், இகரக் குறி, யகரம் என்று கோப்பில் விழும். இயல்பாக்கத்துக்கு ஒற்றைக்கொம்பும் அதையடுத்து ஒரு துணைக்காலும் கிடைத்தால் அது ஒகரக் குறிதான். இரண்டையும் சேர்த்து 3018 ஆக்கிவிட்டது. கோப்பில் ‘பொிய’ என்று நின்றது. ‘தேர்தல்’ அதே வழியில் ‘தோ்தல்’ ஆனது. ரகரம் இருந்த தடயமே அந்த எண்களில் இல்லை.

நல்லவேளையாக இது மீட்கக்கூடிய சேதம். தமிழில் ஒரு மெய்யின் மேல் இரண்டு உயிர்க்குறிகளோ, உயிர்க்குறியின் மேல் புள்ளியோ வராது. ஆகையால் 3018ஐ அடுத்து இகரக் குறியோ ஈகாரக் குறியோ புள்ளியோ வந்தால் அதை ஒற்றைக்கொம்பும் ரகரமுமாகப் பிரித்துவிடலாம். 3019 என்றால் இரட்டைக்கொம்பும் ரகரமும். வெறும் துணைக்கால் என்றால் ரகரம் மட்டும். இந்த மூன்று விதிகளுக்கும் விலக்கு ஒன்றுகூட எங்கள் கோப்புகளில் அகப்படவில்லை. எனவே இதைத் தானியங்கியாகவே ஓட்டினேன். இனி ரகரத் திருத்தம் முதலில், இயல்பாக்கம் பிறகு என்று நிரலின் வரிசையை மாற்றி எழுதிவிட்டேன். அந்த வரிசையில் எண்கள் குழம்புவதற்கே இடமில்லை.

ஔகாரத்துக்கு இத்தகைய பத்திரமான விதி கிடைக்குமா என்பதுதான் மீதி வேலை. முதலில் எழுதிய விதி இது: மெய், ஒற்றைக்கொம்பு, ளகரம் என்ற மூன்றும் அடுத்தடுத்து வந்து, ளகரத்தின் மேல் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாவிட்டால், அது ஔகாரம். பின்பகுதி மிக முக்கியம். அது இல்லாமல் ஓட்டினால் ‘தெளிவு’, ‘வெள்ளம்’ போன்றவை உடைந்து, பல திரைகளில் புள்ளிவட்டம் முளைக்கும். அந்தப் பிழையாவது கண்ணில் பட்டுவிடும். நான் அஞ்சியது கண்ணில் படாத பிழையை. ஆகவே விதியைக் கோப்புகளின் மேல் ஏவாமல், அதில் சிக்கும் சொற்களை மட்டும் பட்டியலிட்டு, எத்தனை முறை வருகின்றன என்ற எண்ணிக்கையோடு கால்க் விரிதாளில் கொட்டினேன்.

பட்டியலின் மேற்பகுதி எதிர்பார்த்தபடியே இருந்தது. கௌரவம், மௌனம், பௌர்ணமி, பௌத்தம், சௌகரியம், லௌகிகம், யௌவனம், கௌரி, கௌதமர், கௌசல்யா, வௌவால், கௌளி. தமிழில் ஔகாரச் சொற்கள் குறைவு. வடசொற்களும் ஆட்பெயர்களும் ஊர்ப்பெயர்களுமே மிகுதி. பாதிக்கு மேல் இந்தச் சொற்களும் அவற்றின் வேற்றுமை உருபேற்ற வடிவங்களும்தான். கீழே இறங்க இறங்கத்தான் வேறு சரக்கு வந்தது.

‘கெளம்பு’. ‘கெளப்பினான்’. ‘வெளக்கு’. ‘வெளங்குதா’. மலர்களில் இருந்த சிறுகதைகளின் உரையாடல்கள் இவை. கிளம்பு என்பதை நம் ஊர்ப் பேச்சில் கெளம்பு என்கிறோம். விளக்கு வெளக்கு ஆகிறது. இங்கே ஒற்றைக்கொம்பு ஒற்றைக்கொம்புதான், ளகரம் ளகரம்தான். எழுதியவர் எண்ணியதும் அதுவே. என் விதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏவியிருந்தால் இவையெல்லாம் கௌம்பு, கௌப்பினான், வௌக்கு, வௌங்குதா என்று உள்ளுக்குள் மாறியிருக்கும். வெளியே அச்சில் பார்ப்பவருக்கு எல்லாம் பழையபடியே இருக்கும்! உயிரெழுத்துக்கு எழுதிய துணை விதியிலும் இதே கண்ணி இருந்தது. ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து ‘ஔ’ ஆக்கும் அந்த விதி ஔவையாரை மீட்டது. கூடவே ‘ஒளறாதே’ என்று அதட்டும் ஒரு பாத்திரத்தையும் பிடித்துக்கொண்டது. உளறாதே என்பதன் பேச்சு வடிவம் அது.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் பட்டியலில் இருந்தது. ‘வெளளை’, ‘வெளளிக்கிழமை’, ‘பிளளை’ போன்று முதல் ளகரத்தின் புள்ளி விட்டுப்போன தட்டச்சுப் பிழைகளில், கொம்பு உள்ளவை மட்டும் விதியில் அகப்பட்டன. இவற்றுக்குத் தேவைப்பட்டது ஔகாரம் இல்லை, ஒரு புள்ளி. ‘கௌளி’யும் ‘வெளளி’யும் பட்டியலில் ஒரே மாதிரி நிற்பதால் அகராதி இல்லாமல் இவற்றைப் பிரிக்கவும் முடியாது. கர்நாடகத்துப் பெளகாவியைக் கன்னட வழக்கப்படி ளகரம் போட்டு எழுதியிருந்த பயணக் கட்டுரையும் ஒன்று இருந்தது. அது அப்படியே நிற்க வேண்டிய சொல்.

ஆக, ஆள் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும் என்று ஆயிற்று. பணிநிறைவு பெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் பட்டியலை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டு, “எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது தம்பி, இதில் நான் எதைத் திருத்துவது?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. கோப்பில் உள்ள வடிவமும் திருத்தப்போகும் வடிவமும் தாளில் ஒன்றாகவே விழும்போது எவர் பார்த்தாலும் இதைத்தான் சொல்வார்.

அதற்குக் கண்ட உபாயம் சிறியது, ஆனால் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி அதுவே. ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகப் பிரித்து, இடையே சிறு கோடு போட்டு அச்சிட்டேன். அப்போது கோப்பில் இருந்தது ‘கெ-ள-ர-வ-ம்’ என்று ஐந்து எழுத்தாகவும், முன்மொழியும் திருத்தம் ‘கௌ-ர-வ-ம்’ என்று நான்கு எழுத்தாகவும் தாளில் விழுந்தன. ‘கெ-ள-ம்-பு’ ஒரு பக்கம், ‘கௌ-ம்-பு’ மறு பக்கம். கொம்புக்கும் ளகரத்துக்கும் நடுவே கோடு விழுகிறதா இல்லையா என்பதைப் பார்த்தாலே போதும். ஆசிரியர் அதன் பின் பேனாவை எடுத்தவர், மாலைக்குள் முடித்துக் கொடுத்துவிட்டார். இடப்பத்தி சரியென்றால் இடப்பத்தியில் ஒரு சரிக்குறி, வலப்பத்தி சரியென்றால் அங்கே, இரண்டும் இல்லையென்றால் ஓரத்தில் சரியான சொல். சில இடங்களில் சொல் மட்டும் போதவில்லை, வாக்கியம் தேவைப்பட்டது. அதனால் பட்டியலை மறுபடி அச்சிட்டபோது சொல்லுக்கு முன்னும் பின்னும் நான்கு சொற்களையும் சேர்த்துக்கொண்டேன். முதல் தடவையே அப்படிச் செய்திருந்தால் தாள் மிச்சம்.

அவர் குறித்துக் கொடுத்ததை இரண்டு பத்தி அட்டவணையாகத் தட்டினேன்: பழைய சொல், புதிய சொல். நிரல் அந்த அட்டவணையில் உள்ள முழுச்சொற்களை மட்டுமே மாற்றும். பொது விதி எதுவும் அதில் இல்லை. உருபேற்ற வடிவங்களையும் முழுமையாகவே எழுதியிருப்பதால் அட்டவணை சற்று நீளம்தான். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் யார் பொறுப்பு என்பது அதில் தெரிகிறது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள நிலைகளைக் கிட் (Git) என்னும் மாற்றப் பதிவுக் கருவியில் சேமித்து, வேறுபாட்டை வரிவரியாகப் பார்த்தேன். அந்தப் பார்வையிலும் இரு வரிகளும் ஒன்றாகவே தெரிந்ததால், அங்கும் கோடுபோட்ட வடிவத்தை உருவாக்கித்தான் ஒப்பிட வேண்டியிருந்தது.

‘மவுனம்’, ‘கவுரவம்’ என்று எழுதியிருந்த இடங்களைத் தொடவில்லை. அவை குறியீட்டுப் பிழை இல்லை. நாளிதழ்களில் நாள்தோறும் காணும் எழுத்து வழக்கு. அவ்வையார் என்று எழுதியவரை ஔவையார் என்று எழுதவைப்பது என் வேலையும் இல்லை.

உரை திருந்திவிட்டாலும் தேடுபவரின் விசைப்பலகை திருந்தப்போவதில்லை. பழைய தட்டச்சு முறையில் யூனிகோடு தட்டுபவர் இன்றைக்கும் கொம்பும் ளகரமுமாகத்தான் தேடுவார். அதற்காகத் தேடல் அட்டவணையில் ஒரு மறைமுக வடிவத்தை வைத்தேன். உரையை இயல்பாக்கியபின் 3020ஐ 3014, 2995 என்ற இணையாகவும், தனித்து நிற்கும் 3031ஐ 2995 ஆகவும், ‘ஔ’ என்ற 2964ஐ 2962, 2995 என்ற இணையாகவும் மாற்றுகிற மூன்று வரிகள்தான் அது. தேடுசொல்லுக்கும் இதையே செய்கிறோம். சரியான வடிவத்தைத் தவறான வடிவத்துக்கு இறக்குவது முறையா என்று மன்றத்தில் ஒருவர் கேட்டார். இந்த வடிவம் யார் கண்ணிலும் படாது. அட்டவணைக்கு உள்ளேயே இருக்கும். எதிர்த்திசையில் ஏற்றப்போனால் தெளிவும் வெள்ளமும் குறுக்கே வந்து விதிகளைக் கேட்கும். இந்தத் திசையில் ஒரு விலக்கும் தேவைப்படவில்லை. எப்படித் தட்டினாலும் சௌந்தரராஜன் வருகிறார். கெளம்பு என்று தேடினால் அதுவும் வருகிறது.

தேடல் மட்டுமே நோக்கம் என்றால் இந்த மூன்று வரிகளே போதும். சொற்பட்டியலும் பிழைதிருத்தமும் வேண்டியதில்லை. அடைவு, அகரவரிசை, வாசிப்புச் செயலி, எழுத்துப்பிழை காட்டும் செயலி என்று உரையையே நம்பி வேறு ஏதாவது இயங்கப்போகிறது என்றால்தான் அந்தப் பாடு தேவை. இதை முன்பே பிரித்துப் பார்த்திருந்தால் தேடலை முதல் வாரமே திறந்துவிட்டு, அடைவை ஆற அமரச் செய்திருக்கலாம்.

செலவைப் பொறுத்தவரை மென்பொருள் எல்லாமே கட்டற்றவை, காசு இல்லை. பட்டியலை அச்சிட்டதற்கு ரூ.140, ஆசிரியருக்கு மன்றம் கொடுத்த மதிப்பூதியம் ரூ.2,000. பழைய திஸ்கி கோப்புகள் இருந்த குறுந்தட்டுகளைப் படிக்க வெளியிணைப்பு டிவிடி இயக்கி ஒன்று வாங்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விட அதுதான் கை கடித்தது.

இனி வரும் மலர்களுக்கு இரண்டு ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். தட்டச்சு செய்பவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பழக்கியிருக்கிறோம். அதில் கீழ்வரிசையின் இடக்கோடி விசை ஔகாரம். ககரத்தைத் தட்டி அதைத் தட்டினால் 3020 தானாக விழும், கொம்பைத் தனியாகத் தட்ட வேண்டியதே இல்லை. ளகரம் மேல்வரிசையில் தொலைவில் இருப்பதால் கை தவறிப் போவதும் அரிது. கோப்பு வந்து சேரும் வாசலிலேயே ரகரத் திருத்தத்தையும் இயல்பாக்கத்தையும் ஓட்டி, கொம்பும் வெற்று ளகரமும் சேர்ந்து வரும் சொற்களைக் கோடுபோட்டுக் காட்டும் சிறுநிரல் ஒன்றையும் வைத்திருக்கிறேன். அட்டவணையில் ஏற்கெனவே தீர்ப்பான சொற்களை அது கேட்பதில்லை. புதியவற்றை மட்டும் கேட்கும். போன மாத மலரின் கோப்பில் அது கேட்டவை மூன்று: ஷௌகத், லக்னௌ, வெளக்குமாறு. முதல் இரண்டையும் ஔகாரமாக மாற்றினேன். மூன்றாவதை அட்டவணையின் இடப்பத்தியில் சரிக்குறியோடு சேர்த்துவிட்டேன்.